மலிவு விலை கேமிங் மடிக்கணினி: எங்கே கை வைத்திருக்கிறார்கள்?

ஆர்டிஎக்ஸ் 4050 என்ற கிராபிக்ஸ் சிப்பின் பெயரோடு ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வைத்து, ஒரே விளையாட்டை ஒரே செட்டிங்கில் ஓட்டினால், ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும். மற்றொன்று பெரிய சண்டைக் காட்சி வந்ததுமே மூச்சு வாங்கும். இரண்டிலும் இருப்பது அதே சிப்தான். அதே 2560 கோர்கள், அதே 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். ஆனால் இந்தச் சிப்புக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம் என்று, அதைச் செய்யும் என்விடியா வரம்பை அகலமாக விட்டுவைத்திருக்கிறது. அதற்குள் எந்த எண்ணை வைப்பது என்பது மடிக்கணினியைச் செய்யும் நிறுவனத்தின் விருப்பம். ஸ்டிக்கரில் அந்த எண் வருவதில்லை.

மலிவு விலை கேமிங் மடிக்கணினி எப்படி உருவாகிறது என்பதை இந்த ஒன்றை வைத்தே புரிந்துகொள்ளலாம். விலையைக் கீழே இறக்க வேண்டுமென்றால் எங்காவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். பிராசஸர், கிராபிக்ஸ் ஆகிய இரண்டின் பெயரைப் பார்த்துத்தான் மக்கள் வாங்குகிறார்கள் என்பதால் அந்தப் பெயர்கள் தப்பித்துவிடும். விளம்பரத்தில் பெயர் வராத திரை, குளிரூட்டும் அமைப்பு, ராம், பேட்டரி, கீல் ஆகியவற்றில்தான் கத்தி விழும். எந்தக் குறையும் இல்லாத மாடலை இந்த விலைப் பிரிவில் தேடுவது வீண் வேலை. குறை எங்கே இருக்கிறது, அதை ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு பின்னால் சரிசெய்துகொள்ள முடியுமா, அல்லது மடிக்கணினி இருக்கும்வரை சுமக்க வேண்டுமா என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை. ராமும் எஸ்எஸ்டியும் பெரும்பாலான கேமிங் மாடல்களில் முதல் வகையைச் சேர்ந்தவை. கிராபிக்ஸ் சிப்பும் அதன் வாட்டும், குளிரூட்டலும், கீலும் இரண்டாம் வகை. திரையைக் கழற்றி வேறு பேனல் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சரியான இணைப்பான், சரியான அளவு, உத்தரவாதம் போய்விடும் என்ற பயம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டால், அதையும் மாற்ற முடியாததாகவே வைத்துக்கொள்வது நல்லது.

வாட் விஷயத்துக்கு ஒரு சிறிய வரலாறு உண்டு. 2017-ல் என்விடியா மெல்லிய மடிக்கணினிகளுக்காக மேக்ஸ்-க்யூ என்ற பெயரைக் கொண்டுவந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் என்பதை அந்த ஒட்டுச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். வாங்குபவருக்கு அது ஓர் எச்சரிக்கையாக இருந்தது. 2021-ல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை மடிக்கணினிகளுக்கு வந்தபோது சிப்பின் பெயரோடு அதை ஒட்டும் வழக்கம் போய்விட்டது. குறைந்த வாட் சிப்பும் முழு வாட் சிப்பும் ஒரே பெயரில் விற்பனைக்கு வந்தன. இப்போது வாட்டைத் தெரிந்துகொள்ள நிறுவனத்தின் முழு விவரக்குறிப்புப் பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸுக்கான மொத்த மின்சாரத்தைக் குறிக்கும் டிஜிபி (TGP) என்ற மூன்றெழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. சில நிறுவனங்கள் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 140 வாட் என்று போட்டிருப்பார்கள். சிப்பின் அடிப்படை வரம்பு 115 வாட். பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் அதனிடமிருந்து கடன் வாங்கிக் கிராபிக்ஸுக்குத் தரும் டைனமிக் பூஸ்ட் 25 வாட்டையும் சேர்த்துக் கூட்டிய எண்தான் அந்த 140. பொய்யில்லை, ஆனால் பிராசஸரும் கடுமையாக உழைக்கும் விளையாட்டில் அந்தக் கடன் கிடைக்காது.

இன்னொரு பக்கம், வாட் கூடக் கூட வேகமும் அதே அளவில் கூடிக்கொண்டே போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 4050, 4060 போன்ற சிறிய சிப்கள் 35 வாட்டிலிருந்து 80, 90 வாட் வரை ஏறும்போது நன்றாகவே வேகம் பெறும். சுமார் 100 வாட்டைத் தாண்டியபின் கிடைக்கும் லாபம் சொற்பம். ஆகவே 95 வாட் மாடலைத் தள்ளிவிட்டு 140 வாட் மாடலுக்காகக் கூடுதலாகச் செலவழிப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. 45 வாட் மாடலைத் தவிர்ப்பதில் நிறைய அர்த்தம் இருக்கிறது. முழு வாட் கொடுக்கப்பட்ட பழைய 3060, பட்டினி போடப்பட்ட புதிய 4050-ஐ முந்திவிடும் என்பதால், தலைமுறை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் சரியாகாது.

மேசைக் கணினிச் சிப்பின் பெயரோடு ஒப்பிட்டு ஏமாறுவது இன்னொரு வகை. மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4070-ல் 5888 கோர்களும் 12 ஜிபி நினைவகமும் உண்டு. மடிக்கணினிக்கான 4070-ல் 4608 கோர்கள், 8 ஜிபி. பெயர் ஒன்று, உள்ளே இருப்பவை வேறு வேறு சிப்கள். இணையத்தில் பார்க்கும் சோதனைக் காணொளி எந்த வடிவத்தை ஓட்டுகிறது என்று கவனிக்காமல் முடிவுக்கு வருவது அடிக்கடி நடக்கிற தவறு.

கிராபிக்ஸ் நினைவகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் மலிவு விலைப் பிரிவில் மடிக்கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். விளையாட்டின் சுவர், தரை, முகம், மரம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் எல்லாம் இந்த நினைவகத்தில்தான் உட்காருகின்றன. இடம் போதாவிட்டால் மீதி கணினியின் ராமுக்குத் தள்ளப்படும். 4060-க்கும் அதன் சொந்த நினைவகத்துக்கும் இடையே நொடிக்கு 256 ஜிபி தரவு ஓட முடியும். ராமிலிருந்து அதே சிப்புக்கு வரும் பாதையோ நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான். ஆறு ஓடிய இடத்தில் வாய்க்கால். அதனால்தான் நினைவகம் நிரம்பிய விளையாட்டு சீராக மெதுவாவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று வெட்டும், மீண்டும் ஓடும், திரும்பும்போது மறுபடி வெட்டும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, காகிதத்தில் நன்றாக இருக்கும், விளையாடுபவருக்குத்தான் எரிச்சல். 4 ஜிபி உள்ள 3050, ஜிடிஎக்ஸ் 1650 போன்றவை பழைய விளையாட்டுகளுக்கும் இலகுவான போட்டி விளையாட்டுகளுக்கும் போதும். இன்று புதிதாக வாங்குகிறவர் 6 ஜிபியைக் குறைந்தபட்சமாகவும், கைக்கு எட்டினால் 8 ஜிபியை இலக்காகவும் வைத்துக்கொள்ளலாம்.

வேகம் குறைவது ஒருபுறம். சில விளையாட்டுகள் திறக்கவே மறுப்பது மறுபுறம். 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் இல்லாத சிப்பில் ஓடாது. 1650 போன்ற ஜிடிஎக்ஸ் சிப்களில் அந்த வன்பொருள் இல்லை. குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று பழைய இருப்பிலுள்ள ஜிடிஎக்ஸ் மாடலை எடுப்பவர், புதிய பெரிய விளையாட்டுகளின் கதவு தனக்கு மெல்ல மூடுகிறது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் மலிவு மடிக்கணினிக்கு உண்மையிலேயே கைகொடுக்கின்றன. விளையாட்டைச் சிறிய அளவில் வரைந்து, பிறகு திரைக்கேற்பப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. 1920×1080 திரையில் டிஎல்எஸ்எஸ்-ஐத் தரம் என்ற நிலையில் வைத்தால், உள்ளே உண்மையில் வரையப்படுவது 1280×720 மட்டுமே. சிப்பின் சுமை வெகுவாகக் குறையும். இடையில் கற்பனை ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனை மட்டும் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அது எண்ணைப் பெரிதாக்கும். ஆனால் மௌஸை அசைத்ததற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்காது, சற்றே கூட்டவும் செய்யும். ஏற்கெனவே 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டை மேலும் மென்மையாக்க அது உதவும். 25-ல் திணறும் விளையாட்டை அது காப்பாற்றாது. விளம்பர வரைபடங்களில் பெரும்பாலும் இந்தச் செருகிய ஃபிரேம்களையும் சேர்த்தே எண்ணியிருப்பார்கள்.

இனி குளிரூட்டலுக்கு வருவோம். வாட் என்று பேசியதெல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். விளையாடும்போது பிராசஸரும் கிராபிக்ஸும் சேர்ந்து 120, 130 வாட் வெப்பத்தை இரண்டு விரல் தடிமன்கூட இல்லாத பெட்டிக்குள் கக்குகின்றன. செப்புக் குழாய்கள் அந்த வெப்பத்தை ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுபோக, மின்விசிறிகள் காற்றை ஊதி அதை வெளியே தள்ளுகின்றன. குழாய் ஒன்று குறைந்தாலோ, மின்விசிறி இரண்டுக்குப் பதில் ஒன்றாக இருந்தாலோ, முதல் ஐந்து நிமிடம் எந்த வித்தியாசமும் தெரியாது. உலோகம் சூடேற நேரம் எடுக்கும். பதினைந்து, இருபது நிமிடங்களில் எல்லாம் சூடாகி முடித்தபின் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடச் சோதனையை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மதிப்புரைகளில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்த எண்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஒரு மடிக்கணினியைக் கவிழ்த்துப் பார்த்தாலே சில விஷயங்கள் புலப்படும். அடியில் காற்று இழுக்கும் துளைகள் மின்விசிறிகளுக்கு நேரே திறந்திருக்கின்றனவா, அல்லது அழகுக்காகக் கோடு கோடாக வரைந்துவிட்டு உள்ளே பிளாஸ்டிக்கால் அடைத்திருக்கிறார்களா என்று விரல் நகத்தால் தடவிப் பார்க்கலாம். பின்பக்க ரப்பர் பாதம் எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். பாதம் தாழ்வாக இருக்கும் மாடலில், பின்பக்கத்தின் கீழே இரண்டு பாட்டில் மூடிகளை வைத்து உயர்த்தினால் சில டிகிரி வெப்பம் இறங்குவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். மெத்தை மேல் வைத்து விளையாடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிப் 90 டிகிரியைத் தொடுவதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அதைத் தாங்கத்தான் அவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. கை படும் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளின் பக்கம் சுடுகிறதா, விசிறிச் சத்தம் ஹெட்போனையும் தாண்டிக் கேட்கிறதா என்பவைதான் அன்றாடம் உங்களைத் தொந்தரவு செய்யப்போகும் கேள்விகள்.

பெயரே வெளியில் வராத இன்னொரு உறுப்பு மக்ஸ் ஸ்விட்ச். பெரும்பாலான கேமிங் மடிக்கணினிகளில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு: பிராசஸருக்குள்ளேயே இருப்பது ஒன்று, தனிச் சிப் மற்றொன்று. திரையின் கம்பி முதலாவதோடு இணைக்கப்பட்டிருந்தால், தனிச் சிப் வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் திரைக்கு வர வேண்டும். அந்தச் சுற்றுப்பாதையில் கொஞ்சம் வேகம் வீணாகும். அதிக ஃபிரேம் ஓடும் போட்டி விளையாட்டுகளில் அது கூடுதலாகத் தெரியும். மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால் திரையை நேரடியாகத் தனிச் சிப்போடு இணைத்துக்கொள்ளலாம்; எழுத்து வேலை செய்யும்போது பழையபடி மாற்றிப் பேட்டரியை மிச்சப்படுத்தலாம். இரண்டு மாடல்கள் மற்றெல்லாவற்றிலும் சமமாக இருந்தால், இது இருப்பதை எடுக்கலாம். வெளித்திரை வைத்து விளையாடப்போகிறவருக்கு, ஹெச்டிஎம்ஐ இணைப்பு தனிச் சிப்பிலிருந்தே நேராக வருகிற மாடல்களில், இது இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

பிராசஸர் பெயர்களைப் படிப்பது தனிக்கலை என்றே ஆகிவிட்டது. ஏஎம்டியின் 7000 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ரைசன் 5 7520யு, 7530யு, 7535யு, 7540யு ஆகிய நான்கும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலத் தோன்றும். உண்மையில் முதலாவது ஸென் 2, இரண்டாவது ஸென் 3, மூன்றாவது ஸென் 3 பிளஸ், நான்காவது ஸென் 4 கட்டமைப்பு. முதல் இலக்கமான 7, அது எந்த ஆண்டு வரிசை என்பதைத்தான் சொல்கிறது. சிப்பின் உண்மையான வயதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். இன்டெலிலும் இப்படித்தான். கோர் ஐ5-13420ஹெச்-ல் 8 கோர்கள். ஐ5-13500ஹெச்-ல் 12 கோர்கள். இரண்டும் ஐ5 என்றே விற்கப்படுகின்றன. கடைசி எழுத்தையும் பார்க்க வேண்டும்: யு என்றால் பேட்டரிக்காக மின்சாரத்தைக் குறைத்தது, ஹெச் அல்லது ஹெச்எஸ் என்றால் கேமிங்குக்கு ஏற்றது.

இவ்வளவு சொன்னாலும், இந்த விலைப் பிரிவில் பிராசஸர் பெரும்பாலும் இரண்டாம் இடம்தான். ஐ7-உம் 4050-உம் உள்ள மாடலா, ஐ5-உம் 4060-உம் உள்ள மாடலா என்று கேட்டால், வாட் ஒரே அளவாக இருக்கும்பட்சத்தில் விளையாட்டுக்கு இரண்டாவதே சரி. விதிவிலக்கும் உண்டு. நொடிக்கு 200 ஃபிரேம் எதிர்பார்க்கும் போட்டி விளையாட்டுக்காரருக்கும், நகரம் கட்டும், படை நடத்தும் வகை விளையாட்டுகளில் மணிக்கணக்கில் உட்காருபவருக்கும், பிராசஸர் மீதுதான் சுமை விழும்.

ராம் விஷயத்தில் எண்ணிக்கையைவிட அமைப்பு கவனிக்க வேண்டியது. இன்று 16 ஜிபி இல்லாமல் விளையாட்டும், பின்னால் திறந்திருக்கும் பிரவுசரும் ஒத்துப்போகாது. ஆனால் பல மலிவு மாடல்கள் ஒரே ராம் கட்டையைப் போட்டு அனுப்புகின்றன. இரண்டு பாதைகளில் ஒன்று காலி. பிராசஸருக்குத் தரவு வரும் வேகம் பாதி. விளையாட்டில் இதன் பாதிப்பு சராசரியைவிடத் திடீர் சரிவுகளில் அதிகம் தெரியும். பார்ப்பது எளிது: விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால், கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்றிருந்தால், அதே வகையில் இன்னொரு கட்டையை வாங்கிப் பொருத்திவிடலாம். பத்து நிமிட வேலை. இந்தக் குறையைப் பார்த்து ஒரு நல்ல மாடலைத் தள்ளிவிடத் தேவையில்லை. ஆனால் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, கூடுதல் ஸ்லாட்டும் இல்லாமல், 8 ஜிபியோடு நிற்கிறது என்றால், அந்த மாடலைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். விவரக்குறிப்பில் எல்பிடிடிஆர் என்று தொடங்கும் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் பற்றவைத்த ராம்தான்.

எஸ்எஸ்டி பற்றி நீட்ட வேண்டியதில்லை. வேகமான என்விஎம்இ வகையா என்று பாருங்கள். அதற்குமேல் நொடிக்கு 3,500 எம்பியா 7,000 எம்பியா என்பது விளையாட்டு திறக்கும் நேரத்தில் பெரிதாகத் தெரியாது. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும் காலத்தில், 512 ஜிபி விரைவில் நிரம்பும். இன்னொரு எஸ்எஸ்டியைப் பொருத்த இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

திரையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம், ஏனென்றால் விவரக்குறிப்பில் திரை நன்றாகவே இருப்பதுபோலத் தெரியும்: முழு ஹெச்டி, ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ். கண்ணில் படாத வரி 45 சதவீத என்டிஎஸ்சி, 250 நிட். முன்னது திரை காட்டும் நிறங்களின் அளவு, பின்னது வெளிச்சத்தின் அளவு. நிறங்களின் பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபியில் முக்கால் பங்கைக்கூட இந்தப் பேனல்கள் காட்டுவதில்லை. சிவப்பு செங்கல் நிறமாகும், பசுமை வெளிறும். நான் இப்படியொரு திரையில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். புகைப்படங்களைத் திருத்தி, நிறத்தை ஏற்றி, திருப்தியோடு அனுப்பிவைத்தபின் கைப்பேசியில் பார்த்தால், எல்லா முகங்களும் தக்காளியாகச் சிவந்திருக்கும். வெளிறிய திரைக்கு ஈடுகட்டத்தான் நான் அவ்வளவு நிறத்தை ஏற்றியிருந்தேன்.

144 ஹெர்ட்ஸ் என்ற எண்ணையும் தனியாக நம்ப முடியாது. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றும். 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லிவினாடிக்கு ஒருமுறை. ஆனால் மலிவு பேனலில் ஒரு பிக்சல் தன் நிறத்தை மாற்றிக்கொள்ள 20 மில்லிவினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால், பழைய படம் அழிவதற்குள் அடுத்த இரண்டு படங்கள் வந்துவிடும். வேகமாக நகரும் பொருளுக்குப் பின்னால் வால் போல ஒரு நிழல் இழுபடுவது இதனால்தான். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி, 300 நிட் அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்கும் மாடல் சற்றுக் கூடுதல் விலையில் கிடைத்தால், அந்தக் கூடுதலைப் பிராசஸருக்குக் கொடுப்பதைவிடத் திரைக்குக் கொடுப்பது நல்லது. நாள் முழுக்கக் கண் பார்க்கப்போவது அதைத்தான். தெளிவு அதிகமுள்ள 2560×1600 திரை கவர்ச்சியானது. ஆனால் அதில் பிக்சல்கள் முழு ஹெச்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 6 ஜிபி சிப்புக்கு அந்தச் சுமை அதிகம். எழுத்து வேலைக்கு அந்தத் தெளிவு, விளையாட்டுக்கு டிஎல்எஸ்எஸ் என்று சமாளித்துக்கொள்ளத் தயாரென்றால் எடுக்கலாம்.

விளையாட்டோடு அன்றாட வேலையும் என்று வரும்போது பேட்டரி பேச்சு தொடங்கும். 50 வாட்-மணி பேட்டரியும், எழுத்து வேலைக்கு 10 வாட் செலவும் என்றால், கணக்குப்படி 5 மணி நேரம் வர வேண்டும். தனிக் கிராபிக்ஸ் தூங்காமல் விழித்துக்கொண்டிருந்தால் அதில் பாதிகூட வராது. பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு செயலி அதை எழுப்பி வைத்திருப்பது சகஜம். பேட்டரியில் விளையாடலாம் என்ற நினைப்பே வேண்டாம். சார்ஜர் இல்லாதபோது கிராபிக்ஸின் வாட்டை இயந்திரமே குறைத்துவிடும். அப்படியும் ஒரு மணி நேரம் நீடித்தால் பெரிய விஷயம். 180 அல்லது 230 வாட் சார்ஜர் பல சமயம் அரைக் கிலோவைத் தாண்டும். மடிக்கணினியின் எடையாகச் சொல்லப்படும் எண்ணில் அது சேராது. தினமும் பையில் சுமப்பவர்கள், யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் மாடலைத் தேடினால், வகுப்புக்கோ அலுவலகத்துக்கோ சின்ன 65 அல்லது 100 வாட் சார்ஜரோடு போய்வரலாம். விளையாடும்போது மட்டும் பெரியது வேண்டும். மேசையிலேயே செருகி வைத்திருப்பவர்கள், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டுவிடுவது பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது.

கீலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பழுது பார்க்கும் மேசைக்கு வரும்போதுதான் கேட்கிறார்கள். மலிவு மாடல்களில் கீலின் உலோகத் தகடு, பிளாஸ்டிக்கில் புதைத்த சிறிய பித்தளைத் திருகுமரைகளில் பிடித்து நிற்கும். கீல் இறுக்கமாகவும் பிளாஸ்டிக் மெலிதாகவும் இருந்தால், நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடியபின் அந்தப் பித்தளை பெயர்ந்து வந்துவிடும். திரையின் ஓரம் வாய் பிளக்கும். கடையில் வைத்திருக்கும் மாதிரியை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து பார்க்க வேண்டும். உறை முறுகி நெளிகிறதென்றால், நடுவில் பிடித்துத் திறக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளத் தயாராக இருங்கள், அல்லது வேறு மாடலைப் பாருங்கள்.

விளையாட்டு என்று நீங்கள் சொல்வது வாலரண்ட், மைன்கிராஃப்ட் போன்றவற்றோடு நின்றுவிடுமானால், தனிக் கிராபிக்ஸே தேவையில்லாமல் போகலாம். ஏஎம்டியின் ரேடியான் 780எம் போன்ற, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அவற்றைத் தாராளமாக ஓட்டும். மடிக்கணினி இலேசாகும், பேட்டரி நாள் முழுக்க வரும். ஒரே நிபந்தனை, இவற்றுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ராமையே பயன்படுத்துகின்றன. ஒற்றைக் கட்டை ராம் இங்கே பெருங்கேடு. இன்டெலின் ஐரிஸ் எக்ஸ்இ இதில் வேடிக்கையானது: ராம் இரண்டு பாதைகளில் இல்லாவிட்டால், அதே சிப் தன் பெயரையே சாதாரண யுஹெச்டி கிராபிக்ஸ் என்று மாற்றிக் காட்டும்.

பயன்படுத்திய இயந்திரத்தை வாங்குவது இந்தப் பிரிவில் தவறான யோசனை இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-ஐ ஏற்கும் பிராசஸரா, அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உண்டா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பேட்டரி அறிக்கையை விண்டோஸே எடுத்துத் தரும். அதில் தொடக்கக் கொள்ளளவையும் இன்றைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிட்டால், விற்பவர் சொல்லும் கதை எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும்.

புதிதாக வாங்கினாலும் மாடல் பெயரோடு வரும் நீண்ட எண்ணெழுத்துக் குறியீட்டைக் கடைசிவரை ஒப்பிட வேண்டும். மதிப்புரையாளரிடம் வந்த மாடலுக்கு நல்ல திரையும், கடைக்கு வந்த அதே பெயருடைய மாடலுக்கு 45 சதவீதத் திரையும் இருப்பது புதிதல்ல. கைக்கு வந்த அன்றே என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் தகவலைத் திறந்தால், அதிகபட்ச கிராபிக்ஸ் மின்சாரம் எத்தனை வாட் என்று ஒரு வரி இருக்கும்; விவரக்குறிப்பில் சொன்ன எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு சார்ஜரைச் செருகி, உங்களிடமுள்ளதிலேயே கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டி, கடைசிப் பத்து நிமிடத்தின் ஃபிரேம் எண்ணிக்கையை முதல் பத்து நிமிடத்தோடு ஒப்பிடுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கருப்புப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்து, மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். எல்லா விசைகளையும், எல்லா யுஎஸ்பி துளைகளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் அதற்குள் இருந்த நுரைத் தாங்கிகளையும் தூக்கி எறிய வேண்டாம்.